தொட்டில் தூக்கியவர்கள்

அய்யா துணை

கொல்லம் ஆண்டு 1008, மாசி மாதம். இன்று சுவாமிதோப்பு என்று உலகம் அறிந்திருக்கும் ஊரிலிருந்து ஒரு சிறு கூட்டம் திருச்செந்தூருக்குப் புறப்பட்டது. கூட்டத்தின் நடுவே 24 வயது இளைஞர் ஒருவர். நெடுநாள் நோயால் உடல் நலிந்து, தன் காலால் அவ்வளவு தூரம் நடக்க முடியாதவர். தாய் வெயிலாள் அம்மையும் உற்றார் உறவினரும் அவரைத் தொட்டில் கட்டித் தூக்கிச் சென்றார்கள்.

அன்புக்கொடி மக்கள் இந்த வரலாற்றைத் திருஏடு வாசிப்பில் பலமுறை கேட்டவர்கள். அவர் கடலுக்குள் சென்றதும், கரையில் தாய் கலங்கி நின்றதும், மூன்றாம் நாள் வைகுண்டராய் எழுந்தருளியதும் சிறு பிள்ளைக்கும் தெரியும். அதற்கு முன்னால் நடந்த அந்தப் பயணம்தான் அவ்வளவாக மனதில் நிற்பதில்லை. நடக்க முடியாத ஒருவரை, "இவனால் என்ன ஆகும்" என்று வீட்டு மூலையில் போட்டுவிடாமல் தூக்கிக்கொண்டு போனவர்கள் இருந்தார்கள். ஒரு தாயால் மட்டும் அந்தத் தொட்டிலைத் தூக்கியிருக்க முடியாது. தோள் கொடுக்க ஆட்கள் வேண்டியிருந்தது, ஆட்கள் வந்தார்கள்.

இன்று அப்படித் தோள் கொடுக்க ஆள் இல்லாத வீடுகள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கின்றன.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். அதாவது நூறு பேரில் ஒருவருக்கும் மேல். இந்தக் கணக்கை ஒரு நிழல் தாங்கலுக்குப் பொருத்திப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை அன்னதர்மத்துக்கு 300 பேர் பந்தியில் அமர்ந்தால், அவர்களில் நாலைந்து பேராவது பார்வை இல்லாதவராகவோ, காது கேளாதவராகவோ, நடக்க இயலாதவராகவோ, மனவளர்ச்சி குறைந்தவராகவோ இருக்க வேண்டும். அவர்களோடு வரும் தாய், தகப்பன், உடன்பிறந்தவர்களையும் சேர்த்தால் இருபது பேர் ஆகும். அந்த இருபது பேர் பந்தியில் இருக்கிறார்களா? இல்லையென்றால் எங்கே இருக்கிறார்கள்?

குமரி மாவட்டத்துத் தாங்கல் ஒன்றில் நடந்ததைச் சொன்னால் விளங்கும். மூளை முடக்குவாதத்தால் பாதிக்கப்பட்ட 13 வயது மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஒரு பெண் ஞாயிறுதோறும் வருவார். வருவது மதில் வாசல் வரைதான். அங்கே நிற்கும் வேப்ப மரத்தடியில் பிள்ளையை மடியில் கிடத்தி உட்கார்ந்து, உச்சிப்படிப்பு முடியும் வரை உள்ளே பார்த்துக்கொண்டிருப்பார். பணிவிடைக்காரர் ஒருவர் திருநாமத்தை வெளியே கொண்டுவந்து இட்டுவிடுவார். அன்னம் தூக்குவாளியில் வந்துவிடும். வாங்கிக்கொண்டு போய்விடுவார். இப்படி நாலைந்து வருடம். தாங்கலில் யாரும் அவரை உள்ளே வராதே என்று சொன்னதில்லை. நல்லது செய்வதாகவே எல்லாரும் நினைத்திருந்தார்கள். ஒருநாள் பந்தியில் பரிமாறும் வயதான அம்மா ஒருவர்தான் கேட்டார்.

"மக்களே, நீ ஏன் உள்ள வரமாட்டேங்க?"

"இவன் சத்தம் போடுவான் மாமி. படிப்பு நடக்கும்போ எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க."

"பாத்தா பாக்கட்டு. சோத்த வாங்கிட்டுப் போறதுக்கா நீ இம்புட்டுத் தூரம் வாற?"

அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. தாங்கலிலும் யாரிடமும் இல்லை.

இந்த மக்களுக்கு வாசலுக்கு வெளியே நிற்பது புதிதல்ல. திருவிதாங்கூரில் தாழ்த்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள் கோயில் மதிலுக்குள் மட்டுமல்ல, கோயிலைச் சுற்றிய தெருவில்கூட நடக்க முடியாத காலம் இருந்தது. ஆலயப் பிரவேச அறிவிப்பு வந்தது 1936 நவம்பர் 12இல். அய்யா அவதரித்து 103 ஆண்டுகளுக்குப் பிறகு. அரசர் கதவைத் திறக்கும் வரை அய்யா காத்திருக்கவில்லை. எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் நீர் எடுத்துக் குளிக்க முத்திரிக் கிணறு தந்தார். ஒரே பந்தியில் உண்ண வைத்தார். ஓலைக் கூரையின் கீழே ஆரம்பித்த தாங்கல்களில் யாரும் யாரையும் தள்ளி நில் என்று சொல்லவில்லை. அப்படி வந்த தாங்கல்கள் இன்று கான்கிரீட்டில் அழகாக எழும்பியிருக்கின்றன. தரையிலிருந்து மூன்றடி உயரம், பளிங்குப் படிகள். அந்தப் படிகள் வாயைத் திறந்து ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அவை சொல்வது அந்தக் காலத்துச் சொல்தான்.

சாய்தளம் கட்டுவது பெரிய செலவு அல்ல. ஆனால் கட்டும்போது கொத்தனாரிடம் கணக்கைச் சொல்ல வேண்டும். ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம். ஒன்றரை அடி உயர வாசலுக்கு 18 அடி நீளச் சாய்தளம். இடம் இல்லை என்றால் திருப்பிக் கட்டலாம். பல இடங்களில் நாலடி நீளத்தில் செங்குத்தாகக் கட்டி, ஓரத்தில் நீலப் பலகையும் மாட்டிவிடுகிறார்கள். அதில் பால் வண்டிகூட ஏறாது. கைப்பிடிக் கம்பி இருபுறமும் வேண்டும். கதவு மூன்றடி அகலமாவது வேண்டும். முதியவர்களுக்கும் கர்ப்பிணிப் பெண்களுக்கும் இதே சாய்தளம்தான் பிறகு துணையாகிறது என்பது கட்டிய இடங்களில் எல்லாம் தெரிந்த செய்தி.

அடுத்து காலணிப் பிரச்சினை. போலியோவால் கால் சூம்பியவர்கள் அணியும் காலிப்பரில் பூட்ஸ் சேர்ந்தே இருக்கும். "செருப்போடு உள்ளே வரக்கூடாது" என்று இளைஞர் யாராவது தடுத்துவிடுகிறார். அவர் தடுப்பது பக்தியால்தான், சந்தேகமில்லை. ஆனால் காலிப்பரைக் கழற்றினால் அந்த மனிதர் தவழ வேண்டும். காலிப்பரும் செயற்கைக் காலும் அவருக்குக் கால். மற்றவர்கள் வாசலில் கால் கழுவிவிட்டு வருவது போல, காலிப்பரின் அடியையும் சக்கர நாற்காலியின் சக்கரத்தையும் ஈரத் துணியால் துடைத்துவிட்டு உள்ளே விடலாம். அதற்கு ஒரு வாளித் தண்ணீரும் ஒரு துணியும் போதும்.

சுத்தம் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். அன்புவழி மக்கள் சுத்தத்தைப் பெரிதாக மதிப்பவர்கள். வாகைப்பதியில் 700 குடும்பங்கள் துவையல் தவசு இருந்து, துவைத்து உடுத்தி, நாள்தோறும் நீராடி, மரக்கறி உணவு உண்டு வாழ்ந்த மரபு அது. அதனால்தான், சிறுநீர் கட்டுப்பாடு இல்லாத பிள்ளையை உள்ளே கொண்டுவரத் தாய்மார் அஞ்சுகிறார்கள். ஆனால் துவையல் தவசின் பொருள் என்ன? அழுக்கு ஆனவரை விலக்கி வைப்பது அல்ல, கழுவிக்கொள்வது. பிறப்பால் தீட்டு என்று ஒதுக்கப்பட்டவர்களிடம் அய்யா சொன்ன வழி தண்ணீர்தான். அந்தத் தவசுக்குத் தனி ஆட்களாகப் போகவில்லை, குடும்பம் குடும்பமாகப் போனார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். 13 வயதுப் பிள்ளையைப் படுக்க வைத்து உடை மாற்ற ஒரு மறைவான இடம், உள்ளே சக்கர நாற்காலி திரும்பும் அளவுக்கு ஒரு கழிப்பறை, ஒரு தண்ணீர்க் குழாய். இது இருந்தால் தாயின் அச்சத்தில் பாதி போய்விடும். இது இல்லாததால் எத்தனை தாய்மார் காலையிலிருந்து தாங்களும் தண்ணீர் குடிக்காமல், பிள்ளைக்கும் கொடுக்காமல் வந்து திரும்புகிறார்கள் என்று கேட்டுப் பார்த்தால் தெரியும்.

பள்ளியறையில் நிலைக்கண்ணாடி இருக்கிறது. முன்னால் நிற்பவர் தன்னையே அதில் காண்கிறார். இறைவன் தனக்குள்ளே இருக்கிறான் என்பதை இதைவிட எளிமையாகச் சொல்ல முடியாது. நின்றவர் முகம் தெரியும் உயரத்தில் கண்ணாடி இருக்கிறது. உட்கார்ந்திருப்பவருக்கு அதில் கூரைதான் தெரியும். கண்ணாடியை மாற்றி வைக்க வேண்டியதில்லை. ஒரு பிள்ளையை இரண்டு பேர் சேர்ந்து கொஞ்சம் தூக்கிப் பிடித்தால் போதும். அதைச் செய்யும் முன் பிள்ளையிடமோ தாயிடமோ கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும். கேட்காமல் பின்னாலிருந்து நாற்காலியைத் தள்ளுவதும், கையைப் பிடித்து இழுப்பதும் உதவி ஆகாது.

பார்வை இல்லாதவருக்குக் கண்ணாடி இல்லை, ஆனால் காது உண்டு. உகப்படிப்பைக் காதால் கேட்டே முழுவதும் மனப்பாடம் செய்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களைப் பின்வரிசையில் சாய்ந்து உட்கார வைத்துவிட்டு, புத்தகத்தைப் பார்த்துத் தடுமாறுகிறவரை முன்னால் நிறுத்துவது என்ன நியாயம்? காது கேளாதவருக்கு நேர்மாறு. ஏடு வாசிக்கும்போது அகிலத்திரட்டு அச்சுப் பிரதி ஒன்றை அவர் கையில் கொடுத்து, பக்கத்தில் ஒருவர் அமர்ந்து அடியைச் சுட்டிக்காட்டி வந்தால் பட்டாபிஷேகம் வரை அவரும் கூடவே வருவார். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு வேறு விதம். சங்கும் மணியும் வெடியும் அவர்கள் காதில் இடி போல் விழும். தலைப்பாகை இறுக்கினால் சில பிள்ளைகளுக்குத் தாங்காது. அவர்களுக்குக் கூட்டம் இல்லாத அதிகாலை நேரத்தை ஒதுக்கிக் கொடுக்கலாம். தலைப்பாகையை ஒரு சுற்று தளர்த்திக் கட்டினால் அய்யா கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

படியும் கதவும் ஒருநாள் வேலை. நாக்கைத் திருத்துவதுதான் கடினம்.

"என்ன பாவம் செஞ்சாளோ, இப்படிப் பிள்ளை" என்று அந்தத் தாயின் காதுபடவே சொல்பவர்கள் தாங்கலுக்கு வருகிறவர்களிலும் உண்டு. வினை என்ற சொல்லை அன்பர்கள் அறிவார்கள், அதை மறுப்பது இங்கு நோக்கம் அல்ல. ஆனால் அய்யா தம்மிடம் வந்த நோயாளிகளிடம் முற்பிறவிக் கணக்குக் கேட்டதாக எந்தப் பெரியவரும் சொல்லக் கேட்டதில்லை. தண்ணீரும் மண்ணும் பதமாகக் கொடுத்து ஆறுதல் சொன்னார். அடுத்தவர் வினையைக் கணக்கெடுக்கும் வேலை யாருக்கும் கொடுக்கப்படவில்லை.

இன்னொன்று பேய்ப் பயம். வலிப்பு வந்தாலும், பிள்ளை தாமதமாகப் பேசினாலும், மனநலம் குன்றினாலும் மந்திரவாதியைத் தேடிப் போகிற வழக்கம் ஓயவில்லை. பேய்க்குப் பயந்து ஆடும் கோழியும் பலி கொடுத்து ஏழைகள் கடனாளியாவதைக் கண்டு, அந்த வழிபாட்டையே வேண்டாம் என்று விலக்கியவர் அய்யா. காணிக்கையும் கைக்கூலியும் கேட்காத வழி இது. அந்த வழியில் வந்த குடும்பம் நகையை அடகு வைத்து வேப்பிலை அடிக்கப் போவது வேதனை. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். அவர்களை அங்கே கொண்டுவிட்டவர்கள் கொடியவர்கள் அல்ல. வீட்டில் வைத்துப் பார்க்கத் துணை இல்லாதவர்கள், எங்கே போவது என்று சொல்ல ஆள் இல்லாதவர்கள்.

படிப்பு நடக்கும்போது யாருக்காவது வலிப்பு வந்தால் அதை அருள் வந்ததாகவோ பேய் பிடித்ததாகவோ எடுத்துக்கொள்ளக் கூடாது. கூட்டத்தை விலக்கி, ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே துணி மடித்து வைக்க வேண்டும். கையில் சாவிக்கொத்து, இரும்பு கொடுக்க வேண்டாம். வாயில் கரண்டியோ தண்ணீரோ வைக்கவே கூடாது. கைகால்களை அழுத்திப் பிடிக்க வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108ஐ அழைக்க வேண்டும். தெளிந்த பிறகு பதம் கொடுக்கலாம், திருநாமம் இடலாம். மருத்துவர் கொடுத்த மாத்திரையை மட்டும் நிறுத்தச் சொல்லக் கூடாது. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்னைவிடக் கடுமையாக வரும்.

இப்படிப்பட்ட வீடுகளில் ஒரு கேள்வி இரவும் பகலும் நின்றுகொண்டே இருக்கிறது. பெற்றவர்கள் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை, சொன்னால் அழுதுவிடுவார்கள். "எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்?"

இதற்கு ஒரு பகுதிப் பதில் சட்டத்தில் இருக்கிறது. மனவளர்ச்சிக் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கு நிலைகளில் உள்ளவர்களுக்காக 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. பிள்ளைக்கு 18 வயது நிறைந்துவிட்டால், சட்டத்தின் பார்வையில் தாய் தகப்பன்கூடத் தானாகப் பாதுகாவலர் ஆவதில்லை. வங்கிக் கணக்கு, சொத்து, பத்திரம் எல்லாவற்றிலும் சிக்கல் வரும். மாவட்ட ஆட்சியர் தலைமையில் இயங்கும் உள்ளூர் நிலைக் குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப்படியான பாதுகாவலராகச் சான்று பெற வேண்டும். தாய் தகப்பன் மட்டுமல்ல, அண்ணனோ சித்தப்பாவோகூட விண்ணப்பிக்கலாம். அதே அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும். இது தெரியாமல் இருபத்தைந்து வயதுப் பிள்ளையோடு அலைகிற குடும்பங்கள் பல.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் முன்பு 7 ஆக இருந்த குறைபாட்டு வகைகளை 21 ஆக்கியது. தசைச்சிதைவு, அமில வீச்சால் பாதிப்பு, பார்கின்சன் நோய் எல்லாம் அதில் அடங்கும். 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு என்று மருத்துவக் குழு சான்று அளித்தால் அரசு வேலையில் 4 சதவீதம், உயர்கல்வியில் 5 சதவீதம் இடஒதுக்கீடு உண்டு. 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் மூலம் வருகிறது. எல்லாவற்றுக்கும் முதலில் அடையாள அட்டை வேண்டும். அதற்கு அரசு மருத்துவமனைக்கு ஒருநாள், அலுவலகத்துக்கு ஒருநாள், கையெழுத்துக்கு மறுபடி ஒருநாள். நடக்க முடியாத பிள்ளையை ஆட்டோவில் ஏற்றி மூன்று நாள் அலைய ஒரு தினக்கூலித் தாயால் முடியுமா? கூலியும் போகும், ஆட்டோ வாடகையும் போகும். இங்கேதான் தொட்டில் தூக்க ஆள் வேண்டும். தாங்கலில் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள், செல்போனிலேயே விண்ணப்பம் நிரப்பத் தெரிந்தவர்கள். திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலகத்துக்குக் கூடப் போக ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் கிடைப்பார். வண்டி வைத்திருப்பவர் ஒருவர் இருப்பார். திருவிழாவுக்கு ஓர் இரவு போடும் அலங்கார விளக்குச் செலவில் இப்படிப் பத்து குடும்பத்தின் அலைச்சல் தீரும். விளக்கு வேண்டாம் என்பதல்ல, இதுவும் தர்மக் கணக்கில் வர வேண்டும் என்பதுதான்.

உடன்பிறந்தவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அக்காளுக்கு மாப்பிள்ளை வீட்டார் வரும் நாளில் தம்பியைப் பின்கட்டு அறையில் பூட்டி வைக்கிற வீடுகள் உண்டு. தம்பியைப் பார்த்தால் சம்பந்தம் முறிந்துவிடும் என்ற பயம். அந்தப் பயம் வீணானதும் அல்ல, முறிந்திருக்கிறது. முறித்துக்கொண்டு போனவர்களும் திருநாமம் இட்டவர்கள்தான். பெண் பார்க்கப் போகும் அன்பர்கள் இதைத் தங்கள் வீட்டில் வைத்துப் பேசிப் பார்க்க வேண்டும்.

மேலே சொன்ன தாங்கலில் அந்தத் தாயும் மகனும் இப்போது உள்ளே, தூணருகே உட்காருகிறார்கள். முதல் இரண்டு வாரம் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாவது வாரம் சிறு பிள்ளைகள் மட்டும் பார்த்தார்கள். பையன் சத்தம் போடத்தான் செய்கிறான். ஏடு வாசிப்பவர் அந்தச் சத்தம் அடங்கும் வரை ஒரு மூச்சு நிறுத்தி, பிறகு அடுத்த அடியைத் தொடங்குகிறார். இளைஞர்கள் இரண்டு பேர் முறைவைத்து, பந்தி நேரத்தில் பையனோடு இருக்கிறார்கள். அந்தப் பெண் இப்போது மற்றப் பெண்களோடு வரிசையில் அமர்ந்து, இரண்டு கையும் விட்டுச் சாப்பிடுகிறார்.

கார்த்திகையில் திருஏடு வாசிப்புக்கு முன்பாகத் தாங்கல் நிர்வாகிகள் அரிசிக்கும் நன்கொடைக்கும் வீடு வீடாகப் போவது வழக்கம். அப்போது நோட்டில் இன்னொரு பத்தி கோடு போட்டுக்கொள்ளலாம். வீட்டில் வெளியே வர இயலாதவர் யாராவது உண்டா, அவர் பெயர் என்ன, எந்த நாள் வாசிப்புக்கு வர விருப்பம், எத்தனை மணிக்கு வண்டி அனுப்ப வேண்டும், கூட இருக்க எத்தனை பேர் தேவை. இதைக் கேட்டுக் குறித்த பிறகு ரசீதுப் புத்தகத்தை எடுக்கலாம்.

அய்யா உண்டு.